கிற்றாரின் இரைச்சலும் கொலன்னாவையின் மின்சாரமும்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றிலிருந்து எழும் இனிய ஓசைகளைப் பற்றியே எழுதுவது வழக்கம். யாழின் நரம்பும், குழலின் துளையும், வயலினின் வில்லும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. கருவியினின்றும் எழுகின்ற வேண்டாத ஓசைகளுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. ஆயினும், ஒரு கருவி எத்தகைய சமுதாயத்தின் வயிற்றிலே பிறந்தது, எவரெவருடைய உழைப்பினால் உருப்பெற்றது என்னும் உண்மைகளை இனிய ஓசையைக் காட்டிலும் வேண்டாத ஓசையே சிலவேளைகளில் தெளிவாக எடுத்துரைக்கின்றது. மின்கிற்றாரை ஒலிபெருக்கியோடு இணைத்து வைத்திருக்கையில், வாசிப்பவரின் விரல்கள் ஓய்ந்திருக்கும்போதும் 'உம்' என்று இடைவிடாது எழுகின்ற இரைச்சல் அத்தகையது. அதன் வரலாற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

பொருள் அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கொலன்னாவையிலும் வாத்தியக் குழுக்களில் வாசிக்கும் இளைஞர்களுக்கு அஃது அற்பமானதன்று. மாதக் கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு பழைய கிற்றார் ஒன்றை வாங்கி, அதன் தந்திகளுக்குக் கீழேயுள்ள பிக்கப் என்னும் உறுப்பை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்துகின்றான் ஓர் இளைஞன். தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் உறுப்பு அது. பொருத்தி முடித்ததும் முன்னில்லாத இரைச்சல் எழுகின்றது. உடனே அவன் கொள்ளும் முடிவு யாது? 'வாங்கிய பொருள் போலி. இன்னும் விலைகூடியதொன்றை வாங்கினாற்றான் சரிவரும்' என்பதே. கடைக்காரர்களும் பெரும்பாலும் இம்முடிவை மறுப்பதில்லை. இந்த முடிவு சரியா என்பதே நமது கேள்வி. இதற்கு விடைகாண வேண்டுமாயின், அந்த இரைச்சல் எங்கிருந்து வருகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1831 இல் மைக்கல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழிலிற் பயிற்சி பெற்று, தாம் கட்டிய நூல்களையே படித்து விஞ்ஞானியானவர் அவர். கம்பிச் சுருளொன்றின் ஊடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறும்போது அச்சுருளிலே மின் பிறக்கின்றது என்பது அவர் கண்ட உண்மை. கிற்றாரின் பிக்கப் இவ்வுண்மையின் மிக எளிய வடிவமாகும். காந்தத் துண்டுகளைச் சுற்றி, தலைமயிரை ஒத்த மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் முறை சுற்றப்பட்டிருக்கின்றது. மேலேயுள்ள உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் பாயம் மாறுகின்றது. சுருளிலே அதே அதிர்வு வேகத்தில் மின் எழுகின்றது. ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்கி நமக்குக் கேட்கச் செய்கின்றது.

ஆனால் சுருளுக்குத் தந்தியென்றும் பிறவென்றும் வேற்றுமை தெரியாது. அறையிலே ஓடும் மின்விசிறி, குழாய் விளக்கின் சோக், ஒலிபெருக்கிக்குள்ளேயே இருக்கும் நிலைமாற்றி ஆகிய யாவும் தம்மைச் சுற்றி மாறுகின்ற காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. சுருள் அவற்றையும் ஏற்றுக்கொள்கின்றது. நமது பாடநூல்கள் ஆடலோட்டம் என்று கூறும் மின்னோட்டம் இலங்கையிலே செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகின்றது. அந்த ஐம்பதும் அதன் மடங்கான நூறுமே கிற்றாரில் நாம் கேட்கும் இரைச்சல். கிற்றாரின் தடித்த ஆறாம் தந்தியை மூன்றாம் கட்டில் அழுத்தினால் எழும் 'ஜி' என்னும் சுரத்தின் மீடிறன் ஏறத்தாழ 98. நூறு என்னும் இரைச்சல் அதற்கு மிக அண்மையில் நிற்கின்றது. ஆகவே, நமது நாட்டின் மின்சாரம் முழுவதும் ஒரே சுரத்தைத்தான் பாடிக்கொண்டிருக்கின்றது எனலாம். அமெரிக்காவில் அந்த எண் 60 ஆதலின் அங்கே இரைச்சலின் சுருதியும் வேறாகும்.

இவ்வாறு நோக்குமிடத்து, கிற்றாரின் இரைச்சல் நாட்டின் மின் வலையமைப்பினது குரலேயாகும் என்பது புலனாகும். அந்தக் குரல் கொழும்புக்கு வந்து சேர்ந்த வரலாறு உழைப்பினதும் போராட்டத்தினதும் வரலாறாகும்.

கொழும்பில் 1895 இல் கோட்டைப் பகுதியிலுள்ள பிறிஸ்ரல் கட்டடத்தில் போஸ்ரெட் சகோதரர் கம்பனியினர் மின்விளக்கேற்றியதோடு இலங்கையில் வணிக மின்சாரம் தொடங்குகின்றது. 1902 இல் கொழும்பு மின்சார ட்ராம் வண்டி மற்றும் விளக்குக் கம்பனி உருவாயிற்று. வெளிச்சம் வெள்ளையரின் விடுதிகளுக்கும் வணிக மாளிகைகளுக்கும் உரியதாயிருந்தது. ட்ராம் வண்டியின் இலாபம் கம்பனிக்கு உரியதாயிருந்தது. 1929 இல் ட்ராம் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது மருதானையிலே பொலிசாரின் துப்பாக்கிகள் வெடித்தன. மின்சாரம் யாருக்காக என்னும் கேள்வி இலங்கையில் விஞ்ஞானக் கேள்வியாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாகும்.

இக்கேள்விக்கு வேறொரு திசையிலிருந்து விடை தேடியவர் டி. ஜே. விமலசுரேந்திர. காலி நகரத்தில் 1874 இல் பிறந்து பொறியியலாளராகிய அவர், இலங்கையின் ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறுவதன் பொருளாதாரத்தை விளக்கி 1918 இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரையொன்றை வழங்கினார். இறக்குமதி செய்யும் நிலக்கரியையும் எண்ணெயையும் நம்பியிராது சொந்த நீர்வளத்தைக் கொண்டு தொழில்களை வளர்க்கலாம் என்பது அவரது கருத்து. காலனி ஆட்சி அதற்கு ஊக்கமளிக்கவில்லை. 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் அவர் அதனையே வலியுறுத்தினார். வேலை தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கி, ஈற்றில் 1950 இலேதான் லக்சபான மின்னிலையம் இயங்கலாயிற்று. உரை நிகழ்ந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நனவாயிற்று. மூன்று வருடங்கள் கழித்து, 1953 இல், விமலசுரேந்திர காலமானார்.

லக்சபானவில் முதற் கட்டத்திலே பிறந்த 25 மெகாவாற்று மின்சாரம் 66 கிலோவோல்ற்று அழுத்தத்திற் கம்பிகளின் வழியே மலையிறங்கி, கொழும்பின் கிழக்கெல்லையிலுள்ள கொலன்னாவை உபமின்நிலையத்தை வந்தடைந்தது. லக்சபானவின் சுழலிகளைச் சுற்றுகின்ற கெஹெல்கமு ஓயா, களனி கங்கையின் தலையாறுகளுள் ஒன்று. அந்தக் களனி கங்கை கொலன்னாவையை அடுத்தே கடலை நோக்கிச் செல்கின்றது. மலையில் வீழ்ந்த நீர் ஆற்றின் வழியாகவும், அந்நீரின் வலிமை கம்பியின் வழியாகவும் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தன. அன்று தொட்டுக் கொழும்பின் அச்சகங்களும் ஆலைகளும் வானொலிப் பெட்டிகளும் லக்சபானவின் சுழற்சிக்கு இசைந்து இயங்கலாயின.

இங்கே நாம் மறக்கலாகாத ஓர் உண்மையுண்டு. அந்தக் கம்பிகள் தேயிலை மலைகளின் மேலாகவே சென்றன. கீழே லயன் அறைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாட்டையே இல்லையென்று ஆக்கியிருந்தது. தலைக்கு மேலே கொழும்புக்குச் சென்ற மின்சாரம் அவர்களுடைய லயன்களுக்குள் நுழையப் பல பத்தாண்டுகள் ஆயின. கொழும்பிலே கிற்றார் இரைகின்றது என்று நாம் சலித்துக்கொண்டபோது, அந்த இரைச்சல் பிறந்த மலையிலே குப்பிவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மின் எங்கு சென்றதோ அங்கெல்லாம் இரைச்சலும் சென்றது. அதனை முதன்முதலில் எதிர்த்துப் போராடியவர்கள் இசைவாணர்கள் அல்லர். தொலைபேசித் தொழிலாளரும் பொறியியலாளருமே. தொடக்கத்தில் தொலைபேசிக்கு ஒற்றைக் கம்பியே கட்டப்பட்டது. மின் திரும்பிச் செல்லும் வழியாக நிலமே பயன்பட்டது. நகரங்களில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கியதும், அவற்றின் மின்னும் அதே நிலத்தின் வழியே திரும்பியமையால், பேசுவோரின் குரல் இரைச்சலில் மூழ்கியது. இரண்டு கம்பிகளை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டுசெல்லும் முறைக்கு அலெக்சாந்தர் கிரகம் பெல் 1881 இல் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும். இரண்டினதும் வேற்றுமையை மட்டும் கேட்டால் தொல்லை ஒன்றையொன்று அழித்துவிடும். இரைச்சலை வெளியே தடுத்து நிறுத்த முடியாதபோது, அதனை இருமுறை உள்ளே வரவிட்டு ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அழித்தல் என்னும் இந்தச் சிந்தனை மிக அரியது. பிற்காலக் கிற்றாரின் வரலாறு முழுவதும் இதனுள் அடங்கியிருக்கின்றது.

மின்கிற்றார் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலே 1930களின் தொடக்கத்திற் பிறந்தது. ஜோர்ஜ் போஷாம்ப் என்னும் இசைஞர் உருவாக்கிய காந்தப் பிக்கப்பைக் கொண்ட ரிக்கன்பேக்கர் கிற்றார்கள் 1932 இல் சந்தைக்கு வந்தன. காப்புரிமை 1937 இலேயே கிடைத்தது. நடன மண்டபங்கள் பெரிதாகி, பித்தளைக் குழல்களின் ஓசையிலே கிற்றாரின் மெல்லொலி அமிழ்ந்துபோன காலம் அது. கேட்போர் தொகை பெருகியமையே கருவியை மாற்றியது. ஆனால் அந்தப் பிக்கப்களில் ஒரு சுருளே இருந்தது. ஆதலின் இசையோடு இரைச்சலும் உடன்பிறந்தது.

இக்கருவியை வளர்த்தவர்களிற் பலர் வானொலிப் பெட்டி திருத்துவோர் என்பது மனங்கொளத்தக்கது. லியோ பென்டர் 1938 இல் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் என்னும் ஊரிலே வானொலி திருத்தும் கடையொன்றை நடத்தியவர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. இரைச்சலுக்கு முடிவு கட்டிய செத் லவரும் வானொலித் தொழில்நுட்பத்திலே தேர்ந்தவரே. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலுள்ள கிப்சன் தொழிற்சாலையில் ஊழியராயிருந்த அவர், இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். ஒன்றை மற்றதற்கு எதிராக இணைத்தார். காந்தத்தின் முனைகளையும் மாறி வைத்தார். தந்தியின் ஓசை இரண்டு சுருள்களிலும் கூடிற்று. வெளியிலிருந்து வந்த இரைச்சலோ ஒன்றையொன்று அழித்தது. இதுவே இரைச்சலை எதிர்ப்பது என்னும் பொருளில் ஹம்பக்கர் என வழங்கலாயிற்று. 1955 ஜூன் மாதத்திற் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1959 ஜூலையில் அது வழங்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், இலினோய் மாநிலத்தின் கெய்ரோ என்னும் சிற்றூரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ரே பட்ஸ் என்பவரும் தனியாக இதே வழியைக் கண்டார். இருவர் ஒரே காலத்தில் ஒரே விடையை அடைந்தனர். தனிமனித மேதையின் மின்னல் என்று இதனைப் போற்றுவதைவிட, தொலைபேசிக் கம்பியிலும் வானொலியிலும் பலர் பட்ட அனுபவம் கனிந்து விழுந்த கனி என்று கொள்வதே பொருந்தும்.

கனி பழுத்ததும் வேலி எழுந்தது. 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்னும் சிறு தாள் ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் ஒட்டப்பட்டது. காப்புரிமை கிடைத்த பின்னரோ, வேடிக்கையாக, முற்றிலும் வேறொரு பொருளின் காப்புரிமை எண் அச்சிடப்பட்ட தாள் ஒட்டப்பட்டது; தந்திகளைப் பின்புறத்திற் பிடித்து வைக்கும் உறுப்பொன்றின் எண் அது. இன்று அந்தத் தாள் ஒட்டிய பழைய பிக்கப்புகள் சேகரிப்போரிடையே பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றைச் சுற்றிய கைகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. மில்லிமீற்றரில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு தடிப்புள்ள செப்புக் கம்பியை, அறுந்துவிடாமல், விரல்நுனியின் உணர்வைக் கொண்டே ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்ற வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்பொன்றுக்கு எட்டாயிரம் சுற்றுகள் வரை வேண்டும். பென்டர் தொழிற்சாலையில் 1956 இல் வேலைக்குச் சேர்ந்து, 2013 இல் ஓய்வுபெறும்வரை பிக்கப் சுற்றிய அபிகெயில் இபாரா என்னும் பெண்ணின் பெயரை உலகம் பிந்தியே அறிந்துகொண்டது. இரண்டாம் உலகப்போரின்போது கிப்சன் தொழிற்சாலையிற் பெண்களே கிற்றார் செய்தனர். ஆயினும் அக்காலத்திற் கிற்றார் செய்யப்படவேயில்லை என்பதுபோலக் கம்பனியின் வரலாறு நெடுங்காலம் எழுதப்பட்டிருந்தது. உற்பத்தியை நினைவிற் கொண்டு உற்பத்தி செய்தோரை மறப்பது முதலாளித்துவ வரலாற்றின் பழைய வழக்கம்.

இலங்கைக்கு வருவோம். கிற்றார் நமக்குப் புதிதன்று. போர்த்துக்கேயர் வருகையோடு தொடர்புடைய பைலாவும் கப்பிரிஞ்ஞாவும் கரையோர மக்களின் சொந்தச் சொத்தாகிப் பல தலைமுறைகள் கழிந்துவிட்டன. ஆனால் மின்கிற்றார் மக்கள் இசையிலே வேரூன்றியது 1960களிலாகும். 1943 இற் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன, அன்னஸ்லி மாலேவனவோடு கூடி, மூன்ஸ்ரோன்ஸ் குழுவின் வாயிலாகச் சிங்கள மெல்லிசைக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தார். தமிழிலே நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் வழங்கிய புதிய பாட்டை வளர்த்தனர். பண்டிதர்கள் முகஞ்சுளித்தனர், இளைஞர்கள் பாடினர். மேட்டுக்குடியின் ஆங்கில நடன மண்டபத்திலிருந்து கலியாண வீட்டுப் பந்தலுக்கு மின்கிற்றார் இறங்கிவந்தமை இசையின் மக்கள்மயமாக்கத்தில் ஒரு படியாகும் என்பதே நமது கருத்து.

அப்படி இறங்கிவந்த கருவி வேறொரு நெருக்கடியின் நடுவே வாழ வேண்டியதாயிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் தொடங்கி 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. அறுந்த பிக்கப்புக்குப் பதில் புதியது வாங்குதல் எளிதன்று. அந்நிலையில் ஒரு பொருள் பழுதாகுமாயின் அதனைத் திருத்துவதே வழி. வானொலி திருத்துவோர் ஒலிபெருக்கி கட்டினர். மோட்டார் சுற்றுவோர் சுருள் சுற்றினர். 1977 இன் பின் சந்தை திறக்கப்பட்டது, பொருள்கள் குவிந்தன. திருத்தும் கையைவிட வாங்கும் கை பெரிதாயிற்று. தட்டுப்பாட்டுக் காலத்தை நாம் பொற்காலம் என்று புகழவில்லை. வரிசையில் நின்ற மக்களின் துன்பத்தை அறியாதாரே அவ்வாறு புகழ்வர். ஆனால் அக்காலம் வளர்த்த அறிவைப் பொருள்களின் குவியலுக்கடியிற் புதைத்துவிடுதல் நட்டமே. 2022 மார்ச் 31 ஆம் நாள் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்த நாட்டில், இறக்குமதி எப்பொழுதும் தடையின்றி வரும் என்று நம்புவோர் எவர்?

இனி, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். புதிய பிக்கப்பைப் பொருத்தியதும் இரைச்சல் கூடியது ஏன்? தேர்ந்த திருத்துநர் புதிய உறுப்பை உடனே குற்றஞ் சாட்டுவதில்லை. அவ்வுறுப்பு மற்றவற்றோடு கொண்டுள்ள தொடர்பையே முதலில் ஆராய்கின்றார்.

முதலாவதாக, கிற்றாரைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியை மட்டும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். இரைச்சல் அப்போதும் இருப்பின் குற்றம் ஒலிபெருக்கியினுடையது. பெரும்பாலும் அதன் மின்னளிப்பிலுள்ள கொள்ளளவிகள் முதுமையடைந்திருக்கும். கிற்றாரை இணைத்து வொலியூம் குமிழைச் சுழியத்திற்குக் கொண்டுவந்ததும் இரைச்சல் மறையுமாயின், அது பிக்கப்பிலிருந்தோ அதன் இணைப்பிலிருந்தோ வருகின்றது.

இரண்டாவதாக, ஒலிபெருக்கியின் எர்த் இணைப்புச் சரியாயிருப்பதை உறுதி செய்துகொண்டு, தந்திகளைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். தொட்டதும் இரைச்சல் குறையுமாயின், தந்தி தாங்கும் உலோகப் பாலத்திற்குச் செல்லும் எர்த் கம்பி தன் கடமையைச் செய்கின்றது. கருவியின் உட்குழியிலே செப்புத் தகடு ஒட்டி அதனை எர்த்தோடு இணைத்தால் இன்னும் குறையும். தந்தியைத் தொடும்போது மாற்றமின்றி, ஜாக்கின் உலோகத்தைத் தொடும்போது மட்டும் குறையுமாயின், பிக்கப் மாற்றுகையில் அந்த எர்த் கம்பி அறுந்துவிட்டது என்பது பொருள். தொட்டதும் இரைச்சல் கூடுமாயின், பிக்கப்பின் இரு கம்பிகளும் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருத்தல் கூடும்.

மூன்றாவதாக, கருவியைப் பிடித்தபடி திசை மாறித் திரும்பிப் பார்த்தல் வேண்டும். திரும்பத் திரும்ப இரைச்சல் ஏறி இறங்குமாயின், அது காந்தப் புலத்தின் வழியே சுருளுக்குள் வருவது. செப்புத் தகடு அதனைத் தடுக்காது. முன்னிருந்தது இரட்டைச் சுருளும் புதியது ஒற்றைச் சுருளுமாயின், இஃது ஒற்றைச் சுருளின் இயல்பேயன்றிப் பழுதன்று.

நான்காவதாக, இரட்டைச் சுருள் பிக்கப்பிலிருந்து நான்கு நிறக் கம்பிகளும் ஒரு வெறுங் கம்பியும் வரும். நிறங்களின் பொருள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஒரு கம்பனியின் படத்தைக் கொண்டு மற்றதன் பிக்கப்பை இணைப்பதே பல தவறுகளின் மூலம். நடுவிலுள்ள இரு கம்பிகளையும் தம்முள் இணைத்து மூடுதல் வேண்டும். வெறுங் கம்பியை எர்த்தோடு சேர்த்தல் வேண்டும். மல்ரிமீற்றர் கொண்டு அளந்தால், வழக்கமான இரட்டைச் சுருள் ஏறத்தாழ எட்டுக் கிலோஓம் காட்டும். நான்கு மட்டும் காட்டுமாயின் ஒரு சுருளே வேலை செய்கின்றது. துணையற்ற ஒற்றைச் சுருள் இரைச்சலை எவ்வாறு அழிக்கும்?

ஐந்தாவதாக, பற்றாசு வைத்த இடங்களைப் பார்த்தல் வேண்டும். வொலியூம் உறுப்பின் உலோக முதுகு வெப்பத்தை விரைந்து உறிஞ்சும். சிறிய பற்றாசுக் கோலால் அவசரமாக வைத்த ஈயம் ஒட்டியதுபோலத் தோன்றும், உண்மையில் ஒட்டியிராது. கம்பியை மெல்ல அசைத்தாற் பொய் வெளிப்படும்.

இந்த ஐந்தையும் தொகுத்து நோக்கினால், விலைகூடிய பிக்கப் எதனாலும் தீராத குற்றங்களே பெரும்பாலானவை என்பது தெரியும். அறுந்த எர்த் கம்பியை ஐம்பதாயிரம் ரூபா பிக்கப்பும் ஒட்டவைக்காது. சந்தை நமக்குப் பொருள்களைக் காட்டுகின்றது. பொருள்களுக்கிடையேயுள்ள உறவுகளை மறைக்கின்றது. இரைச்சல் எழுவதோ உறவு முறிந்த இடத்தில். சமுதாயத்தைப் பற்றிப் படிப்போருக்கு இவ்வுண்மை புதிதன்று.

இதிலே உயிரும் அடங்கியிருக்கின்றது என்பதை அழுத்திக் கூறுதல் வேண்டும். இரைச்சலைக் குறைப்பதற்காக ஒலிபெருக்கியின் மூன்று முட் செருகியில் எர்த் முள்ளைக் கழற்றிவிடும் கொடிய வழக்கம் உலகெங்கும் இருந்துவந்துள்ளது. இரைச்சல் சிலவேளை குறையும். ஆனால் ஒலிபெருக்கியினுள்ளே ஒரு கம்பி உரிந்து பெட்டியைத் தொடுமாயின், 230 வோல்ற்று தந்திகளின் வழியே வாசிப்பவனின் விரல்களுக்கு வரும். எர்த் இல்லாத கருவிகள் மேடையிலே உயிரைக் குடித்திருக்கின்றன. ஸ்ரோன் த குரோஸ் என்னும் ஸ்கொட்லாந்துக் குழுவின் கிற்றார் வாசிப்பாளர் லெஸ் ஹார்வி 1972 மே மாதத்தில், சுவான்சி நகர மேடையில், சரிவர எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ப் 1976 மே மாதத்தில் தம் வீட்டிலே மின்கிற்றார் வாசிக்கையில் மின் தாக்கி மாண்டார். மழைநாளில் நனைந்த தரையில், தற்காலிகப் பந்தலில், ஜெனரேற்றரை நம்பி வாசிக்கும் நமது இளைஞர்கள் இந்த இரு பெயர்களையும் மறக்கலாகாது. எர்த் முள் இருத்தல் வேண்டும். மின் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருத்தல் வேண்டும். இவை இன்றி எந்த ஒலிபெருக்கியும் மேடையேறலாகாது.

ஆசிரியர்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. நமது வகுப்பறைகளில் மின்காந்தத் தூண்டல் சூத்திரமாகக் கற்பிக்கப்படுகின்றது. பரீட்சை முடிந்ததும் மறக்கப்படுகின்றது. அதே வேளையில், பள்ளியை இடையில் விட்ட ஒருவர் பட்டறையொன்றில் அமர்ந்து அந்தத் தூண்டலைக் காதாலும் விரலாலும் அறிந்து கருவிகளைத் திருத்துகின்றார். முன்னவருக்கு ஆடலோட்டம், மீடிறன், அவத்தை என்னும் சொற்கள் தெரியும். அவற்றின் ஓசை தெரியாது. பின்னவருக்கு ஓசை தெரியும், சொற்கள் தெரியாது. அறிவை இவ்வாறு தலையென்றும் கையென்றும் கூறுபோட்ட சமுதாயத்தில், கொல்லரின் மகன் பரடே போன்றோர் அரிதாகவே தோன்றுவர். பழைய பிக்கப் ஒன்றையும் சிறிய ஒலிபெருக்கியையும் வகுப்புக்குக் கொண்டுவருதல் எவ்வளவு பெரிய செலவு? சுருளைத் திருப்புங்கள், இரைச்சல் ஏறி இறங்குவதை மாணவர் கேட்கட்டும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணையுங்கள். அது அடங்குவதைக் கேட்கட்டும். பின்னர் அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கொலன்னாவை வழியாக லக்சபான மலை வரைக்கும், அம்மலையின் லயன்கள் வரைக்கும் அந்தக் கேள்வி அவர்களை இட்டுச்செல்லும்.

பட்டறையிலே பற்றாசுக் கோல் பிடித்திருப்பவரையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள். அவர் கற்றுக்கொள்ளவும் கற்பிக்கவும் அங்கே நிறைய உண்டு.